ஜெமீலாவின் முகத்தில் பச்சை

1

சென்ற வியாழக்கிழமை, 1988 ஏப்ரல் 14, காலை ஆறு மணிக்குச் சற்று முன்னர், டிராம் தரிப்பிடத்தின் கண்ணாடிச் சுவரில் என் மனைவியின் முகத்தைக் கண்டேன்.

சுவரொட்டி என் நெஞ்சளவு உயரம். கண்ணுக்குக் கீழே பச்சை, கன்னத்தின் ஓரத்தில் பச்சை, முக்காடு கடுகு மஞ்சள், வாய் ஒரே இழுப்பில் போட்ட கருஞ்சிவப்பு. மேலே ‘முகங்கள்’ என்று பொருள்படும் ஒரு ஜெர்மன் சொல். கீழே கண்காட்சி மண்டபத்தின் முகவரியும், வரைந்த உர்சுலாவின் பெயரும். ஜெமீலாவின் பெயர் எங்கும் இல்லை.

பக்கத்தில் குடையோடு நின்ற இரண்டு கிழவிகளில் ஒருத்தி மற்றவளிடம், “பாவம், எவ்வளவு தனியாக இருக்கிறாள் பார்” என்றாள். மற்றவள் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துவிட்டு, “தனிமை மட்டுமா, கோபமும்தான்” என்றாள். அதற்குள் டிராம் வந்தது. அவர்கள் ஏறிப் போய்விட்டார்கள். நான் ஏறவில்லை. இந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதன்முறையாக அன்று பிந்திப் போனேன்.

அந்தக் கிழவிகளுக்கு அரை நிமிடத்தில் தெரிந்தது எனக்குத் தெரியப் பத்து வருடங்களுக்கு மேல் எடுத்தது. அதுவும் இன்னொருத்தி சொல்லித்தான். ஜெர்மனியின் இந்தக் கிரேஃபெல்ட்டிலிருந்து நான் இதுவரை உங்களுக்கு எழுதி அனுப்பிய குறிப்புகளில் பனியைப் பற்றியும், வரிப் படிவங்களைப் பற்றியும், துருக்கியர்களின் இறைச்சிக் கடையைப் பற்றியும் வாசித்திருப்பீர்கள். இந்தத் தடவை பொறாமையைப் பற்றி எழுதுகிறேன். வேறொன்றும் எழுத வரவில்லை.

2

நான் கிழக்கிலங்கையில் சாய்ந்தமருதில் பிறந்தவன். மருதமுனையில் கைத்தறி நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை செய்தேன். 1976இல் அந்த ஊரிலேயே ஜெமீலாவைக் கலியாணம் முடித்து அவளுடைய வீட்டுக்குப் போனேன். ஊரில் வாசிப்பவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை: நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது, மாப்பிள்ளை அங்கே போய்ச் சேருகிறவன். இங்கேயோ இதை யாருக்கும் சொல்லி முடிக்க முடியவில்லை. “அப்படியென்றால் சண்டை வந்தால் வெளியே போவது யார்?” என்று நான் வேலை செய்யும் சாய ஆலையில் ஒருவன் கேட்டான். “நான்தான்” என்றேன். அவன் நம்பவில்லை.

அந்த வீட்டின் மேல் எனக்கு முதல் மாதத்திலிருந்தே பொறாமை இருந்தது. இதை இதற்கு முன் எங்கும் எழுதியதில்லை. ஒரு நாள் கலண்டர் மாட்டச் சுவரில் ஆணி அடிக்கப் போனேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து மாமி வந்து, “ஜெமீலாட்ட கேட்டீங்களா மகன்?” என்றார். அன்பாகத்தான் கேட்டார். ஜெமீலாவும் உடனே ஓடிவந்து, “அடிக்கட்டும் உம்மா, என்ன வந்த?” என்றாள். ஆணியை அடித்தேன். ஆனால் அனுமதி வாங்கி அடித்த ஆணி அது. அந்த வளவுக்குள் அவள் நடப்பதும் நான் நடப்பதும் வேறு வேறு. இருட்டிலும் அவள் கால் எங்கும் இடிக்காது. என் கால் எங்காவது இடிக்கும்.

1978இல் சாயத் தொழில் பயிற்சிக்கென்று இங்கே வந்தேன். பயிற்சி முடிந்ததும் இந்த ஆலையிலேயே எடுத்துக்கொண்டார்கள். அந்த நவம்பர் சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை பறந்த செய்தி எனக்குக் கடிதத்தில்தான் வந்தது. அதற்குள் ஜெமீலா ஆட்களைப் பிடித்து ஓடு போட்டுவிட்டாள். 1980 மே மாதம் வீட்டைப் பூட்டித் திறப்பை மாமியிடம் கொடுத்துவிட்டு, மூன்று வயது மகள் ரிஸ்னாவைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

எங்கள் மாடிக் குடியிருப்பின் அழைப்பு மணிக்குப் பக்கத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. வந்த முதல் கிழமையில் அவள் ஒரு சட்டகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“இஞ்சாருங்க, இதில ஒரு ஆணி அடிக்கலாமா?”

“அடி புள்ள. என்னத்துக்குக் கேக்கிற?”

பெருந்தன்மையாகச் சொன்னதாக எனக்கு நினைப்பு. நாட்குறிப்பில் அன்று, ‘குர்ஆன் வசனச் சட்டகம் மாட்டியாயிற்று’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

3

உர்சுலா 1986 செப்டெம்பரில் எங்கள் கட்டிடத்தின் உச்சி மாடிக்குக் குடிவந்தாள். ஐம்பது வயது தாண்டியவள், நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பாள், எந்நேரமும் இருமுவாள். அந்த மாடிக்கு வடக்கே பார்த்த பெரிய ஜன்னல் இருந்தது. அதற்காகத்தான் ஐந்து மாடி ஏற ஒப்புக்கொண்டதாகச் சொன்னாள். வடக்கு வெளிச்சம் நாள் முழுக்க மாறாது. சாய ஆலையில் நாங்கள் நிறம் பார்க்கும் ஜன்னலும் வடக்கே பார்த்ததுதான். அதனால் ஆரம்பத்தில் அவளை எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு நாள் படிக்கட்டில் ஜெமீலாவை மறித்து, உன்னை வரையலாமா என்று ரிஸ்னா மூலமாகக் கேட்டிருக்கிறாள். ஜெமீலா என்னிடம் கேட்டாள். உருவப்படம் பற்றி நம்மவர்களுக்கு உள்ள தயக்கம் எனக்கும் இருந்தது. ஆனால் பெண்ணைப் பெண் வரைகிறாள், முக்காடு அப்படியே இருக்கும், வேறு ஆண்கள் வரக் கூடாது என்றெல்லாம் பேசி ஒப்புக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் ஜெமீலாவுக்குச் சமையலறையைத் தவிர வேறு இடமில்லை. போய்க் கொஞ்சம் இருந்துவிட்டு வரட்டும் என்று நினைத்தேன்.

முதல் நாள் ஒக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. அதன் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை. நான் காலை வேலை முடிந்து இரண்டரைக்கு வீடு வருவேன். சாப்பாடு மூடி வைத்திருக்கும். அதைத் திறந்து சாப்பிடும்போது தலைக்கு மேலே சிரிப்புக் கேட்கும்.

ஜெமீலா என் முன்னால் சிரித்தால் முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொள்வாள். மேலே கேட்டது மூடாத சிரிப்பு.

“என்ன சிரிப்பு மேல?” என்று கேட்டேன், இறங்கி வந்ததும்.

“சும்மா.”

“சும்மாவா அவ்வளவு நேரம்?”

ரிஸ்னாதான் சொன்னாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. மொழிபெயர்க்கக் கூடப் போவாள். “வாப்பா, உர்சுலா தூரிகையக் கோப்பிக்குள்ள கழுவிட்டா. புறகு அந்தக் கோப்பியக் குடிச்சிட்டா!”

“அதில சிரிக்க என்ன இரிக்கி?”

“நீங்க கண்டிருந்தாச் சிரிப்பீங்க.”

நான் காணவில்லை. அதுதான் பிரச்சினை.

நவம்பரில் சிரிப்பு குறைந்தது. மேலே இருந்து ஒரு சத்தமும் வராது. இடைக்கிடை இருமல், நாற்காலி அசையும் ஒலி. சிரிப்பைவிட அந்த அமைதிதான் என்னை அதிகம் அரித்தது. ஜெமீலாவும் நானும் ஒரே அறையில் இரண்டு மணித்தியாலம் பேசாமல் இருந்தால் அது கோபம். மேலே அது வேறு ஏதோ ஒன்றாக இருந்தது. இதற்கிடையில் ரிஸ்னாவின் உதவியும் தேவையில்லாமல் போயிற்று. ஜெமீலா உடைந்த ஜெர்மன் பேசத் தொடங்கியிருந்தாள். எல்லாரையும் ‘நீ’ என்றே கூப்பிடும் ஜெர்மன். வீட்டு உரிமையாளரையும் நீ, பல் வைத்தியரையும் நீ. ஆறு வருடம் நான் சொல்லிக்கொடுக்கப் பார்த்தும் வராத மொழி.

“உம்மா என்னோட டொய்ச்தான் கதைக்கிறா, தெரியுமா?” என்றாள் ரிஸ்னா. அவளும் இப்போது ‘ஓம்’ சொல்வதை விட்டுவிட்டு ‘யா’ என்றுதான் சொல்கிறாள்.

“என்னத்தக் கதைக்கிற ரெண்டு பேரும்?”

“எல்லாம்தான்.”

4

மாமியின் கடிதம் டிசம்பரில் வந்தது. வழியில் மூன்று கிழமைக்கு மேல் கிடந்திருக்கிறது. ஊர் நிலைமை அப்படி. ஜெமீலாவின் தங்கை நஸீராவுக்கு மாப்பிள்ளை பொருந்தியிருந்தது. அவர்கள் வீடு கேட்கிறார்கள். மாமியிடம் இன்னொரு வீடு கட்ட வழியில்லை. ‘நீங்கள் இனி இங்கே வந்து இருக்கப் போவதில்லை. உன் வீடு பூட்டிக் கிடந்து கறையான் அரிக்கிறது. நஸீராவின் பேருக்கு எழுதிக் கொடுத்தால் அவளுக்கும் ஒரு வாழ்க்கை’ என்று எழுதியிருந்தார்.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஜெமீலாவிடம் வாசித்துக் காட்டிவிட்டுக் கேட்டேன்.

“பாப்பம்” என்றாள்.

நம் பெண்கள் ‘பாப்பம்’ என்றால் என்ன பொருள் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. அன்று அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். அடுத்த நாளே வேலையைத் தொடங்கிவிட்டேன். மாமிக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் எழுதி, இந்த நாட்டுத் தலைநகரான பொன் நகரில் உள்ள நம் தூதரகத்தில் அவளே நேரில் ஒப்பம் வைக்க வேண்டும். கலியாணப் பதிவின் பிரதி, வீட்டு உறுதியின் பிரதி, கடவுச்சீட்டு, வதிவிட அனுமதி, ஒவ்வொன்றுக்கும் மொழிபெயர்ப்பு, ஒவ்வொரு மொழிபெயர்ப்புக்கும் முத்திரை. எல்லாவற்றையும் திகதி வரிசையில் ஒரு கோப்பில் போட்டேன். 1987 பெப்ரவரி 23, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு நேரம் கிடைத்தது.

இவ்வளவு சுறுசுறுப்பு எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்தேன். நஸீராவின் மேல் இருந்த இரக்கம் ஒரு பங்கு. மீதி, நான் முன்பே எழுதிய பொறாமை. எனக்கென்று ஒரு சுவரும் இல்லாத வீடு இனி அவளுக்கும் இல்லாமல் போகும். பிறகு இரண்டு பேருக்கும் இந்த அழைப்பு மணியும் என் பெயரும்தான். அப்படி வார்த்தையாக நினைத்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய கால்களில் அந்த எண்ணம் இருந்தது.

ஜெமீலா அந்தக் கோப்பைத் தொடவே இல்லை. மேசையில் அது இருந்தால், சாப்பாட்டுக் கோப்பையை அதன் பக்கத்தில் வைப்பாள்.

5

மேலே என்னதான் நடக்கிறது என்று அறிய நூலகத்தில் ஓவியப் புத்தகங்கள் எடுத்துப் படித்தேன். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நாட்டில் சிலர், முகத்தைக் கண்டபடி வரைவதை விட்டு உணர்ந்தபடி வரையத் தொடங்கினார்களாம். இடையில் அடக்கப்பட்டு, இப்போது எண்பதுகளில் இளையவர்கள் அதே வேகத்தோடு திரும்ப எடுத்திருக்கிறார்கள். நீல நெற்றி, சிவப்பு மூக்கு, கத்தியால் அப்பிய கன்னம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பக்கத்து நகரத்து அரும்பொருளகத்துக்குப் போய் ஒரு மண்டபம் முழுக்கப் பார்த்தேன்.

ஒரு விஷயம் பிடிபட்டது. பழைய உருவப்படங்களில் மனிதனைச் சுற்றி அவனுடைய உடைமை இருக்கும். மேசை, மோதிரம், நாய், ஜன்னலுக்கு வெளியே அவனுடைய நிலம். இவர்கள் அவற்றையெல்லாம் எடுத்துவிட்டார்கள். பின்னால் ஓர் அறைகூட இல்லை. எல்லாவற்றையும் எடுத்த பிறகு மனிதனிடம் மிஞ்சுவது எதுவோ அதைத்தான் முகம் என்கிறார்கள். அதனால்தான் அந்த முகங்கள் அவ்வளவு தனியாக இருக்கின்றன. அவை கவலையால் தனிமைப்பட்டவை அல்ல, பக்கத்தில் ஒன்றும் இல்லாததால் தனித்தவை. நிறமும் அப்படியே. தோலின் நிறத்தை எடுத்துவிட்டு, தோலுக்குக் கீழே ஓடுகிற நிறத்தை வைக்கிறார்கள்.

இதை விளங்கிக்கொண்டேன். ஆனால் ஏற்றுக்கொள்ளவில்லை. நான் சாயத் தொழிலாளி. கொடுத்த மாதிரித் துண்டுக்கு ஒத்து வரவில்லையென்றால் அந்த நிறம் பிழை. உணர்ந்தபடி சாயம் போட்டேன் என்று ஆலையில் சொல்லிப் பார்க்கட்டும்.

அந்த மண்டபத்தில் நின்றபோது இன்னொன்றும் தோன்றியது. இந்த முகங்களின் சொந்தக்காரர்களை யாரோ ஒருவர் மணிக்கணக்காக, வேறு வேலை இல்லாமல் உற்றுப் பார்த்திருக்கிறார். என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நானும் யாரையும் பார்த்ததில்லை. ஜெமீலாவின் அமர்வுகளைக் கடைசியில் எண்ணினேன்: பதினான்கு செவ்வாய்க்கிழமைகள், இருபத்தெட்டு மணித்தியாலங்கள். உர்சுலாவின் மேல் மட்டுமல்ல, அப்படிப் பார்க்கப்பட்ட ஜெமீலாவின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

6

ஜனவரி 31, சனிக்கிழமை, படம் முடிந்துவிட்டது வந்து பார் என்று உர்சுலா கூப்பிட்டாள். மூன்று பேரும் ஏறிப் போனோம்.

அதைப் பார்த்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை: “நிறம் பிழை.”

உர்சுலா சிரித்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த கிழமை மதிய இடைவேளைகளில், மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, பரிசோதனைக் கூடத்தில் ஒரு பருத்தித் துண்டை எடுத்து ஜெமீலாவின் தோலின் நிறத்துக்குச் சாயம் போட்டேன். மஞ்சள், சிவப்பு, கொஞ்சம் நீலம். முதலாவது துண்டு வெளிறியிருந்தது. இரண்டாவது செங்கட்டி போல வந்தது. மூன்றாவது சரியாக அமைந்தது. காய வைத்து, அழுத்தி, உள்ளங்கையளவில் வெட்டினேன். பத்து வருடம் கூட இருந்தவனுக்கு அவளுடைய நிறம் தெரியும், நாலு மாதம் பார்த்தவளுக்குத் தெரியாது என்று காட்டப் போகிறேன்.

பெப்ரவரி 7ஆம் திகதி அதை எடுத்துக்கொண்டு மேலே போனேன். ஜெமீலாவும் ரிஸ்னாவும் ஏற்கெனவே அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். துண்டைப் படத்தின் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

“இதுதான் என் மனைவியின் நிறம்” என்றேன் ஜெர்மனில். “நீங்கள் போட்டிருப்பது அழுகிய இலையின் நிறம்.”

உர்சுலா துண்டை வாங்கினாள். விரலால் தடவினாள். “நல்ல வேலை” என்றாள். கேலி இல்லை. தொழில் தெரிந்தவளின் பேச்சு. பிறகு ஜெமீலாவைக் கையைக் காட்டி ஜன்னலடிக்குக் கூப்பிட்டாள். ஜெமீலா சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றினாள். உர்சுலா துண்டை அந்தக் கையின் மேல் வைத்தாள்.

வடக்கு வெளிச்சம். நாள் முழுக்க மாறாத வெளிச்சம்.

ஒத்து வரவில்லை. துண்டு சிவந்து, கறுத்து, வெயிலோடு இருந்தது. கை அதைவிட இரண்டு படி வெளிறியிருந்தது. நரம்போடிய இடத்தில், மணிக்கட்டின் உட்புறத்தில், நான் அழுகிய இலை என்று சொன்ன அதே பச்சை.

ஜெமீலா துண்டையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். “இது எண்ட கையில்ல, இஞ்சாருங்க. நஸீராட கை போல கிடக்கு” என்று சிரித்தாள்.

எங்கள் தொழிலில் முதலாவது விதி, நினைவிலிருந்து நிறம் பிடிக்கக் கூடாது. மாதிரியைப் பக்கத்தில் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். நினைவில் எல்லா நிறமும் கூடிப்போகும். அதை நான் பலருக்குப் படிப்பித்திருக்கிறேன். அந்தக் கிழமை முழுக்க ஜெமீலா என் பக்கத்திலேயே இருந்தாள், சோறு போட்டாள், உடுப்பு மடித்தாள். ஒருமுறைகூட அவள் கையைப் பார்த்துவிட்டுப் போக எனக்குத் தோன்றவில்லை. 1976இல் மருதமுனையில், தன் வளவில், வெயிலில் நின்ற பெண்ணின் கையைத்தான் சாயத்தில் எடுத்திருந்தேன்.

தோற்றவன் வாயை மூடியிருக்க வேண்டும். நான் மூடவில்லை. “நிறம் இருக்கட்டும். இவ்வளவு கவலை எங்கிருந்து வந்தது? என் மனைவி கவலையானவள் இல்லை” என்றேன்.

“கவலை என்று யார் சொன்னது?” என்றாள் உர்சுலா. “அவள் கோபமாக இருக்கிறாள். வீட்டை எழுதிக் கேட்கிறார்கள் அல்லவா.” என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்.”

நான் ரிஸ்னாவைப் பார்த்தேன். அவள் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்திருந்தது.

ஜெமீலா சட்டைக் கையை இறக்கிவிட்டுக் கோப்பைகளை எடுத்துக் கழுவப் போனாள், அது தன்னுடைய சமையலறை என்பது போல.

7

அதன் பிறகு பொன்னுக்குப் போகப் பதினாறு நாட்கள் இருந்தன. ஒரு தொலைபேசி எடுத்து நேரத்தை நிறுத்தியிருக்கலாம். நான் செய்யவில்லை. மேலே போய்ச் சொன்னவள், வேண்டாம் என்று என்னிடமும் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தேன். இது மட்டும்தான் காரணம். ஒவ்வொரு நாளும் அவள் சொல்வாள் சொல்வாள் என்று மேசையில் இருந்தேன். அவள் கறி எப்படி என்று கேட்டாள், ரிஸ்னாவின் சப்பாத்து பற்றிச் சொன்னாள். வீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் கேட்டிருக்கலாம். கேட்டால் உர்சுலா சொல்லித்தான் கேட்கிறேன் என்றாகிவிடும்.

இதற்குள் மாமியின் இரண்டாவது கடிதமும் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்துகிறார்கள். நஸீராவும் கீழே இரண்டு வரி எழுதியிருந்தாள்: ‘ராத்தா, உங்களைத்தான் நம்பி இருக்கிறோம்.’ ஜெமீலா அந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள்.

23ஆம் திகதி காலை ரிஸ்னாவைப் பாடசாலையில் விட்டுவிட்டு ரயில் ஏறினோம். ஜெமீலா நல்ல சாரி உடுத்திருந்தாள். கோப்பு என் மடியில் இருந்தது.

தூதரகத்தில் எங்களைக் கவனித்தவர் தமிழ் தெரிந்த நடுவயது அலுவலர். எல்லாத் தாள்களையும் நிதானமாகப் புரட்டினார். “இவ்வளவு ஒழுங்கா ஆரும் கொண்டு வாறதில்ல” என்று என்னைப் பாராட்டினார். பிறகு ஜெமீலாவின் பக்கம் தாளைத் திருப்பி வைத்தார்.

“தங்கச்சி, இதில என்ன எழுதியிருக்கெண்டு தெரியும்தானே?”

“ஓம்.”

“உங்கட வீட்டு உரிமைய உங்கட தங்கச்சிக்கு எழுதிக் குடுக்க உங்கட உம்மாவுக்கு அதிகாரம் குடுக்கிறீங்க. உங்கட சொந்த விருப்பத்தோடதான் ஒப்பம் வைக்கிறீங்களா?”

“இல்ல” என்றாள் ஜெமீலா.

அவர் பேனையை நீட்டியபடி இருந்தார். என்னைப் பார்த்தார். திரும்ப அவளைப் பார்த்தார்.

“விருப்பமில்லாட்டி ஏன் இவ்வளவு தூரம் வந்தீங்க?”

“இவர் லீவு எடுத்திட்டாரு” என்றாள். “அதான் வந்த.”

அலுவலர் பேனையை மூடினார். சிரிப்பை அடக்க இருமினார் என்றுதான் நினைக்கிறேன். “விருப்பமில்லாம ஒப்பம் வாங்க எனக்கு ஏலாது” என்று சொல்லி, தாள்களை நான் அடுக்கி வந்த அதே வரிசையில் அடுக்கித் திருப்பித் தந்தார். பத்து மணி பதினைந்துக்கு வெளியே நின்றோம்.

முன்பின் தெரியாத மனிதர். ஒரு முறை கேட்டார், ஒரு சொல்லில் பதில் கிடைத்தது. அவர் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

ரயிலில் ஜன்னலோரம் அவள் இருந்தாள். கொலோன் தாண்டியது. பிறகு கேட்டேன்.

“உர்சுலாட்ட சொன்ன. புள்ளைக்கும் தெரியும். இப்ப கந்தோர்க்காரரிட்டயும் சொன்ன. எனக்கிட்ட மட்டும் ஏன் புள்ள சொல்லல்ல?”

“ஒங்களுக்கிட்ட சொன்னா எழுதி வெப்பீங்க.”

“எழுதினா என்ன?”

“எழுதினாப் புறகு ஒங்களுக்கு அது முடிஞ்ச விசயம். திகதி போட்டு, கோடு இழுத்து, மூடி வெச்சிருவீங்க. கூரை பறந்ததையும் அப்பிடித்தான் எழுதி வெச்சிரிக்கீங்க. நான் பார்த்த. ‘ஓடு போட்டாயிற்று.’ அவ்வளவுதான்.” என் பக்கம் திரும்பினாள். “அந்த ஓட்டுக்கு நான் பட்ட பாடு என்னண்டு ஒரு நாள் கேட்டீங்களா?”

“இல்ல.”

“அந்த ஊட்டுக்கு நீங்க வந்த நேரம் நீங்க ஆக்களுக்குள்ள வந்த. உம்மா, நஸீரா, நான், எல்லாரும் ஒங்களப் பாத்திட்டிருந்த. நான் இஞ்ச வந்த நேரம் ஆரு இருந்த? அங்க ஒரு ஊடு எண்ட பேர்ல இரிக்கி எண்டு நினைச்சிட்டுத்தான் இஞ்ச ஒவ்வொரு நாளும் எழும்புற. அதையும் எழுதிக் குடுத்திட்டா, நான் எங்க இருந்து இஞ்ச வந்தன் எண்டு சொல்ற?”

“நஸீராக்கு என்ன செய்ற?”

“இருக்கட்டும். கலியாணம் முடிச்சி அந்த ஊட்ட இருக்கட்டும். நான் வாடகை கேக்கப் போறல்ல. ஆனா எழுதித் தர மாட்டன். இண்டைக்கே உம்மாக்கு எழுதுங்க.” பிறகு, “வேணா, நானே எழுதுறன்” என்றாள்.

அவளே எழுதினாள். மாப்பிள்ளை வீட்டார் முறுக்கிக்கொண்டார்கள். கலியாணம் ஏழு மாதம் பிந்தி நடந்தது. நஸீரா இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறாள். ராத்தாவுக்கு ஒரு கடிதமும் போடுவதில்லை. மாமியின் கடிதங்களும் நான்கு வரிக்குள் முடிகின்றன. ஜெமீலா அதைப் பற்றி அழுததை நான் கண்டிருக்கிறேன். ஒப்பம் வைத்திருக்கலாம் என்று அவள் சொன்னதை மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை.

அன்று ரயிலில் நான் கோப்பை எடுத்து மேல் தட்டில் போட்டேன். சட்டைப் பையில் குறிப்புப் புத்தகமும் பேனையும் இருந்தன. அவற்றையும் எடுத்து மேலே வைத்தேன்.

“சொல்லு” என்றேன்.

“என்னத்த?”

“ஓடு போட்ட கதைய.”

அவள் சந்தேகத்தோடு என் கைகளைப் பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, ரிஸ்னாவை எங்கே வைத்தாள், விடிந்ததும் முதலில் என்ன செய்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். இறங்க வேண்டிய இடம் வந்தும் முடியவில்லை. நிலையத்து வாங்கில் உட்கார்ந்து மிச்சத்தைச் சொன்னாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிரில் அவள் மூக்கு நுனி சிவந்திருந்தது. அந்தச் சிவப்பு அந்தப் படத்தில் எங்கும் இல்லை.

அவள் சொன்னதை இந்தக் குறிப்பில் நான் எழுதப் போவதில்லை. என்னுடைய எந்தக் குறிப்புப் புத்தகத்திலும் அது இல்லை. பிறகு ஒருநாள் பேச்சோடு பேச்சாக, “கூரைக் கதைய மேல சொல்லியிரிக்கியா?” என்று கேட்டேன்.

“இல்ல” என்றாள் ஜெமீலா. “அவ கேக்கல்ல.”

உர்சுலாவுக்கு அது தெரியாது.